மெல்பேர்னுக்குப் பத்தரை மணித்தியாலம்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் பெயர்ந்து போவது ஆண்பிள்ளைதான். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேருவார். என் மகளுக்கும் எங்கள் வளவிலேயே ஒரு வீடு எழும்பி, பூச்சு முடிந்து, பெயின்ற் அடிக்காமல் நிற்கிறது. ஆனால் அவளுக்குப் பிடித்துப்போன ஒலுவில் ஊர் மாப்பிள்ளைக்கு வேலை மெல்பேர்னில். மகள்தான் அங்கே போகவேண்டும். அன்று அஸர் தொழுகைக்குள் பதில் சொல்வதாக மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியிருந்தோம். முடிவு என் மனைவியின் கையில்.

நாலு புத்தகம் படித்தவன் என்ற அவப்பெயர் வீட்டில் எனக்கு இருப்பதால், தூரம் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. கொழும்பிலிருந்து எட்டாயிரத்து எழுநூறு கிலோமீற்றர் மட்டில், நேரே பறந்தால் பத்தரை மணித்தியாலம் என்று, ஏதோ விமானத்தை நானே ஓட்டப்போவதுபோல அறிவித்தேன்.

"கட்டுநாயக்கா எயார்போட்டுக்குப் போற வேன ஆரு சேக்கிற?" என்றாள் மனைவி.

சேர்த்தேன். வேன் எட்டு, காத்திருப்பு மூன்று. போன் வரைபடத்தில் விமானம் போகும் கோட்டை விரலால் தடவிக்கொண்டே போனேன். தென்கிழக்கே திரும்பியபின் நீலம் மட்டும்தான். ஓர் எழுத்துக்கூட இல்லை. நேரமும் அங்கே நமக்கு முன்னால் ஓடுகிறது. நாங்கள் சுபஹு தொழும்போது மகள் வேலைக்குப் போய் உட்கார்ந்திருப்பாள். நமக்கு இன்னும் விடியாத ஒரு காலையில் நம் பிள்ளை. விரல் நடுக்கடலில் நின்றுவிட்டது. மனைவி வேறொன்று கேட்டபோதுதான் கரைக்கு வந்தேன்.

"நீங்க கல்முனைக்குடியில இருந்து இஞ்ச வந்து சேர எத்தின நாள் எடுத்த?"

மருதமுனையிலுள்ள இந்த வீட்டுக்கு அங்கிருந்து நாலைந்து கிலோமீற்றர். பூ ஒட்டிய காரில் பன்னிரண்டு நிமிடத்தில் வந்திறங்கிய மாப்பிள்ளை நான். அவள் கேட்டது அதையல்ல. கலியாணத்துக்குப் பிறகும் உம்மா வீட்டுக்குப் புறப்படும்போதெல்லாம் "வீட்ட போயிற்று வாறன்" என்று சொல்லித் திரிந்தவன் நான். வேலை முடிந்து வரும்போது மோட்டார் சைக்கிள் தன்பாட்டில் அந்தப் பக்கம் திரும்பும். குற்றம் மோட்டார் சைக்கிளுடையது.

"மூணு வருசம்," என்றேன்.

"நான் பக்கத்துல இருந்தே மூணு வருசம். அவளுக்கு அங்க ஆரு இரிக்கா?"

அறைக்குள்ளிருந்து மகள் சொன்னாள்: "வாப்பாட உம்மாவும் பக்கத்துலதானே இருந்தா, உம்மா. அதாலதான் அவருக்கு அவ்வளவு நாள் எடுத்த."

மனைவி சிரிக்கவில்லை. ஜன்னலால் மகளின் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூச்சுச் சுவரில் வெயில் ஊர்ந்துகொண்டிருந்தது. லுஹருக்குப் பாங்கு சொன்னதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஒலுவிலுக்குக் கதைங்க," என்றாள் பிறகு. "ஓம் எண்டு சொல்லுங்க. தலப்புள்ள பெற இஞ்ச வரணும் எண்டும் சொல்லுங்க."

மகளின் அறைக்கதவு வெட்கத்தோடு பட்டென்று சாத்திக்கொண்டது. நான் இலக்கத்தை அழுத்தப்போக, மனைவி கையைப் பிடித்தாள். பிள்ளைத்தாச்சியை எத்தனையாம் மாதம்வரை விமானத்தில் ஏற்றுவார்கள் என்று முதலில் பார்க்க வேண்டுமாம்.