கற்பூரம் அடிக்க மறுத்த நாள்

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு வணக்கம். இதை ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லும்படி போதகர் கேட்டார். நாலு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் எங்கள் லயத்தில், ஒட்டி ஒட்டி நிற்கும் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒருவரும் எங்களோடு பேசவில்லை. என் மனைவி குடத்தோடு தண்ணீர்ப் பீலிக்குப் போனால் மற்றப் பெண்கள் வழிவிட மாட்டார்கள். கூரைத் தகரத்தில் கல் விழும். வெளியே வந்து பார்த்தால் எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஊரைவிட்டே போய்விடலாமா என்று யோசித்தேன். போக இடமில்லை.

யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பால் வெட்டுகிறேன். என் மகள் ஜெனிட்டாவுக்குப் பதினேழு வயது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பொலிசார் சனிக்கிழமைகளில் கரப்பந்தாட்டம் பழக்கினார்கள். ஒரு சிங்கள சார்ஜன் வருவார்; மரியாதையாக மாத்தயா என்போம். ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகளை உட்கார வைத்துப் படிப்பைப் பற்றி, வேலையைப் பற்றி, குடியைப் பற்றிப் பேசுவார். காக்கியைக் கண்டால் ஒதுங்கி நிற்கிறவன் நான். மகள் சந்தோஷமாகப் போய் வந்ததால் பேசாமல் இருந்தேன்.

ஒருநாள் பொலிசார் வந்து, ஓடைப் பக்கம் எங்கள் லயத்து மூர்த்தி விற்பதற்காகப் புதைத்து வைத்திருந்த கசிப்பு என்னும் கள்ளச் சாராயப் பீப்பாய்களை நேரே போய்த் தோண்டி எடுத்தார்கள். மூர்த்தி பிணையில் வந்த அன்றே என் வாசலில் நின்றார்.

"ஒம் மக பந்து வெளையாடப் போறாளா, நம்ம கதைய விக்கப் போறாளா?"

நான் பேசாமல் நின்றதையே அவர் சாட்சியாக எடுத்துக்கொண்டார். "பாருங்க, வாயத் தொறக்க மாட்டேங்கிறான்!"

அதன் பிறகு பாதையில் அவளைக் கண்டால் கேலிதான். "ஏய் பொலிஸ்காரி! மாத்தயா இன்னைக்கு டீ மட்டுமா, கேக்கும் குடுத்தாரா?" மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். நானும் நிறுத்தச் சொன்னேன்.

"நின்னுட்டா நான்தான் சொன்னேன்னு ஆயிரும்ப்பா. நான் சொல்லல. போவேன்" என்றாள்.

அவளுக்கு என்ன நடக்குமோ என்று தினமும் பயந்தேன். பொறுக்க முடியாமல் பொலிசுக்கே போனேன். என் மகள் சொல்லவில்லை என்று லயத்தில் வந்து ஒரு வார்த்தை சொல்லும்படி சார்ஜனைக் கெஞ்சினேன். அவர் தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"பே, முடியாது அண்ணே. இவ இல்லன்னு நான் சொன்னா, அப்ப யாருன்னு தேடும். சொன்ன ஆளுக்கு அடி விழும். நான் பேச ஏலாது."

கல் நெஞ்சுக்காரர் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே திரும்பினேன். நான் பொலிசுக்குள் போய் வந்ததை யாரோ பார்த்துவிட்டார்கள். நான் வீடு சேருமுன் கதை சேர்ந்துவிட்டது. "காட்டிக் குடுத்ததுக்கு அப்பன் சந்தோசக் காசு வாங்கப் போயிருக்கான்!"

அன்றைக்கு முழங்காலில் விழுந்தேன். நல்ல ஜெபம் இல்லை அது. "ஆண்டவரே, மூர்த்தியின் வாயை அடைத்துப்போடும். எனக்கு ஒரு வாயைக் கொடும்" என்று கோபத்தோடு அழுதேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. களவு, சண்டை என்று எது வந்தாலும், மாரியம்மன் கோயில் முன்னால் கற்பூரம் ஏற்றி, அதைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அடித்தால் வழக்கு முடிந்தது. தோட்டத் தலைவர் எங்களைக் கூப்பிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை மாலை போனோம். லயம் முழுவதும் கூடியிருந்தது.

"அடிம்மா. அடிச்சுட்டு வீட்டுக்குப் போ" என்றார் தலைவர்.

ஜெனிட்டா என்னைப் பார்த்தாள். எங்கள் சபையில் எதன் பேரிலும் சத்தியம் செய்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். "நாங்க சத்தியம் பண்றதில்லீங்க. அவ சொல்லல. அவ்வளவுதாங்க" என்றேன். அவ்வளவுதான் எனக்கு வந்தது.

கூட்டம் கொதித்தது. "பொய் சொன்னா கை வெந்துரும்னு பயம்!" "இவங்கள லயத்துல வைக்கக் கூடாது தலைவரே!" ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். ஆண்டவரே, இப்போது பேசும், இப்போதே பேசும் என்று உள்ளுக்குள் கதறினேன்.

கோயில் பூசாரி ஐயா கையை உயர்த்தினார். "அவுங்க சாமி வேற, அவுங்க மொற வேற. அடிக்காதவனெல்லாம் குத்தவாளின்னா நீங்களும் இன்னும் அடிக்கலையே. வாங்க, பொலிசுக்குச் சொல்லலன்னு லயத்துல ஒவ்வொருத்தரா வந்து அடிங்க. முதல்ல மூர்த்தி வீடு."

மூர்த்தி சிரித்துக்கொண்டே வந்து அடித்தார். பூசாரி மறுபடியும் ஏற்றினார். அடுத்தது மூர்த்தியின் மனைவி பாக்கியம். அவள் கையைத் தூக்கினாள். பிறகு கீழே விட்டுவிட்டாள்.

"அந்தப் புள்ளைய விடுங்க. பொலிசுக்குச் சொன்னது நான்தான்."

அவள் புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: "சனிக்கிழம பந்து வெளையாடப் போன எம் மவன நிப்பாட்டி, கசிப்பு கேன் தூக்க வச்சே. அப்புறம் ஒருநா அவனே குடிச்சுட்டு வந்தான். வேற என்ன செய்யச் சொல்ற?"

மூர்த்தி பாய்ந்தார். என் மனைவிக்கு வழிவிடாத அதே பெண்கள் பாக்கியத்தைச் சுற்றி நின்றார்கள். என் மனைவியும் ஓடிப்போய் அவர்களோடு நின்றாள். அவரால் அவளைத் தொட முடியவில்லை.

சார்ஜன் அன்று வாயைத் திறந்திருந்தால் அந்தப் பெண்ணின் கதி என்னவாகியிருக்கும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் கல் நெஞ்சு என்று திட்டியது, அவளைக் காப்பாற்றிய மௌனத்தை.

சகோதரரே, எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மன்னிப்பு என்று ஒருவரும் வரவில்லை. சிலர் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஆனால் கல் விழுவது நின்றது. ஜெனிட்டா தலை நிமிர்ந்து நடக்கிறாள். சனிக்கிழமைகளில் வலை கட்ட நானும் போகிறேன். பாக்கியத்தின் மகனும் ஆடுகிறான். மூர்த்திக்காகவும் ஜெபிக்கப் பழகுகிறேன். அது இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நான் எனக்கு ஒரு வாய் கேட்டேன். கர்த்தர் மூர்த்தியின் வீட்டுக்குள்ளிருந்தே ஒரு வாயைத் திறந்தார். அவருக்கு ஸ்தோத்திரம். லயமே உங்களுக்கு எதிராக நின்றாலும் அவரிடம் கேளுங்கள். யார் வாயால் பதில் வரவேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.