செருப்பைக் கழற்றாத கதாநாயகி

எங்கள் சாப்பாட்டு மேஜையில் அந்த டிவி சீரியல் இயக்குநர்தான் சாமி. தொண்ணூறுகளில், தி. நகரில் ஓர் அலுவலகம். அதில் கடகடவென்று ஓடும் மின்விசிறிக்குக் கீழே நாங்கள் நாலு பெண்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவருடைய சீரியல் வரும். புதன்கிழமை மத்தியானம் எங்களில் ஒருத்தி முறை வைத்துக் கதை சொல்ல வேண்டும். பார்த்தவர்களும் பார்க்காதவர்கள் மாதிரி கேட்க வேண்டும். தயிர் சாதத்துக்கு வரும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது. அதன் பிறகு கை காயக் காயக் கதையை அலசுவோம்.

அவருடைய முந்தின சீரியலில் ஒருத்தி, புருஷன் அடித்த மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். ஊரில் எத்தனை பேர் கைதட்டினார்களோ தெரியாது, எங்கள் மேஜையில் ஒருத்தி நிஜமாகவே கிளம்பிவிட்டாள். புருஷன் வீடு திருவான்மியூர். பெட்டியோடு வந்து இறங்கியது அடையாறில் அண்ணன் வீடு. அதனால் அவளை அடையாறுக்காரி என்றே சொல்கிறேன். சீரியல் நேரத்தில் அவள் மொட்டை மாடியில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பாள். கீழே அண்ணி டிவி பார்ப்பாள். அண்ணியோடு பேச்செல்லாம் ‘கேஸ் அணைச்சாச்சா’ என்ற அளவோடு சரி. கதைக்கு அவள் எங்களைத்தான் நம்பியிருக்கிறாள் என்று நாங்கள் நம்பினோம்.

புது சீரியல் வந்தது. ஆரம்பித்த சில வாரங்களிலேயே கதாநாயகி அறை வாங்கினாள். அடுத்த வாரமும் வாங்கினாள், பின்னணியில் வயலின் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அவர் மனசுல ஏதோ வெச்சிண்டிருப்பார், பொறுங்கோ,” என்றாள் மயிலாப்பூர் மாமி. எங்களில் மூத்தவள். பஸ் வராவிட்டாலும் பொறுங்கோ, சம்பளம் வராவிட்டாலும் பொறுங்கோ.

“இன்னா மாமி வெச்சிக்கினு கீறாரு? அந்தப் பொண்ணுக்குக் கன்னம்தான் வீங்கிக்கினு கீது,” என்றாள் பட்டினப்பாக்கத்துக்காரி. எங்கள் டைப்பிஸ்ட். விரலும் வாயும் ஒரே வேகம்.

“எத்தனை பொம்மனாட்டிகளை அவர் நிமிர வெச்சிருக்கார், அதை மறந்துடாதீங்கோ.”

“நிமிர வெச்சாரு மாமி, இப்ப அவரே குனிய வெக்கிறாரே,” என்றேன் நான்.

“நடக்கறதைத்தானே காட்டறார். காட்டினா ஆதரிக்கிறார்னு அர்த்தமா?”

நல்ல கேள்விதான். ஆனால் அடி வாங்குகிறவள் அழும்போது இன்னும் அழகாகத் தெரியட்டும் என்று பார்த்துப் பார்த்து விளக்குப் போட்டிருந்தார்களே, அது யாருக்காக என்று நான் திருப்பிக் கேட்டேன். மாமி அவரை விட்டுக்கொடுக்கவில்லை, நானும் விடவில்லை. ரசம் ஆறிப் போனது. ஒருநாள் மேலதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ யூனியன் தகராறு என்று நினைத்துச் சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

அடையாறுக்காரி மட்டும் சண்டையில் சேர மாட்டாள். “கடைசியில அவ என்ன பண்றா?” என்று கேட்பாள், அவ்வளவுதான். ஏன் கேட்கிறாள் என்று எங்களுக்குத் தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை திருவான்மியூருக்கு வந்து பேசும்படி புருஷன் வீட்டார் சொல்லி அனுப்பியிருந்தார்கள். “சும்மா போய் ஒரு வார்த்தை பேசிட்டு வா,” என்று அண்ணனும் நச்சரித்துக்கொண்டிருந்தார். சும்மா போனவளை அங்கேயே இருத்திவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். எங்களுக்கும் பயம்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பார்த்தா, முந்தின வாரம்தான் அம்மா வீட்டுக்கு வந்திருந்த கதாநாயகி புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும்? போனதோடு நிற்காமல் அவன் காலில் வேறு விழுந்தாள்.

மறுநாள் கதை சொல்வது என் முறை. அடையாறுக்காரி டப்பாவைத் திறக்காமல் என் முகத்தையே பார்த்தாள். என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது.

“போனா. ஆனா வாசல்லயே நின்னுட்டா.”

மாமியின் ஸ்பூன் அந்தரத்தில் நின்றது. சட்டதிட்டங்களுக்குக் காவலாக இருந்த மாமியே குறுக்கே புகுந்து, “ஆமாம், நல்ல மழை வேற,” என்றாள்.

“உள்ள வான்னு கூப்ட்டாங்கோ. அவ செருப்ப கயட்டல,” என்று பட்டினப்பாக்கத்துக்காரியும் சேர்ந்துகொண்டாள்.

“செருப்பால அடிச்சுடுவாளோ?” என்றாள் மாமி. நிஜமாகவே கலங்கிப் போயிருந்தாள்.

“அத்தெல்லாம் இல்ல மாமி. செருப்ப கயட்டினா உள்ள போவணும். உள்ள போனா காபி வரும். காபி குட்சா பேச்சு வரும். பேச்சு வந்தா பொட்டியும் பின்னாலயே வந்துடும்.”

எங்கள் வீடுகளில் எத்தனையோ வைராக்கியங்கள் ஒரு டம்ளர் காபியில் கரைந்ததை எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

கை கழுவும் இடத்தில் மாமி எங்கள் இருவரையும் ஓரங்கட்டினாள். “பொய்தான் சொல்றோம், சரி. அடுத்த வாரம் அந்தப் புருஷனைக் கொஞ்சம் திருத்திடப்படாதா?”

“திருந்தினத யாரு பாத்தது மாமி? அவனே சொல்லிக்கிறதுதான,” என்றாள் பட்டினப்பாக்கத்துக்காரி.

மாமி யோசித்தாள். “அப்போ அந்தக் காபி நல்ல காபியா இருக்கட்டும். அப்பத்தான் வேண்டாம்னு சொல்றது கஷ்டம்.” எங்கள் இயக்குநருக்குக்கூட இது தோன்றியிருக்காது.

திங்கட்கிழமை கதை நாள் அல்ல. ஆனால் அடையாறுக்காரி டப்பாவைத் திறந்துகொண்டே, “இன்னிக்கு என் முறை,” என்றாள். முறைப்படி வாயை மூடிக்கொண்டோம்.

“முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். சீரியல்ல அவ திரும்பிப் போய்க் கால்ல விழுந்தா. அண்ணி அன்னிக்கே மாடி ஏறி வந்து சொல்லிட்டாங்க. அவளே போய்ட்டா, உனக்கென்னன்னும் கேட்டாங்க.”

மாமி தலை குனிந்துகொண்டாள். எனக்குக் காது சுட்டது. எல்லாம் தெரிந்தவளிடம் மழையெல்லாம் பெய்ய வைத்திருந்தோம். அவளும் கடைசிவரை கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

“நேத்து போனேன். உள்ள வா, உள்ள வான்னாங்க. வாசல்லயே நின்னேன். காபி வந்தது. ஃபில்டர் காபி, மாமி, வாசனை தெரு வரைக்கும் வந்தது. மாமியார் அழுதாங்க, அவரும் அழுதார். எனக்கும் அழுகையா வந்தது. வயலின் ஒண்ணுதான் இல்ல.”

இன்னும் யாரும் தயிர் சாதத்துக்கு வரவில்லை. பட்டினப்பாக்கத்துக்காரிக்குத் தாங்கவில்லை.

“அப்பால?”

“அப்புறம் என்ன? கால்ல செருப்பு இருந்தது. நடந்து வந்துட்டேன்.”