ஒயருக்குக் காது சோதித்த சாயங்காலம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் கதை விடுகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். கதை விடுகிறவன் தன்னை நல்லவனாக வைத்துக்கொண்டுதான் விடுவான். இதில் நான் நல்லவன் இல்லை.

இரைச்சல் இசை என்று ஒன்று இருக்கிறது. பாட்டு கிடையாது, தாளம் கிடையாது. ஃபிரிட்ஜ் உறுமுவது, லிஃப்ட் முனகுவது, பழைய ரேடியோ கரகரப்பது என்று கண்ட சத்தத்தையும் பதிவு செய்து, இழுத்து, நீட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நாற்பது நிமிடம் ஒலிக்க விடுவோம். பதினான்கு வருடம் நான் செய்தது இந்த வேலைதான். என் அக்கா ஒரே ஒரு தடவை கச்சேரிக்கு வந்தாள். பாதியில் எழுந்துவிட்டாள். “எங்க வீட்டு வாஷிங் மெஷினே இதைவிட நல்லா பாடும்டா” என்றாள்.

நாங்கள் இரண்டு பேர். நானும் ஒயரும். கழுத்தில் எந்நேரமும் நாலு ஒயர் தொங்கும் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். காலிக் கிடங்குகளில் வாசிப்போம். பதினோரு பேர் வந்தால் பெரிய கூட்டம். அதிலும் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கியவர்களாக இருப்பார்கள். ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

பிறகு என் அம்மா படுத்த படுக்கையானாள். ஐந்து மாதம். அந்த அறையில் தலைக்கு மேல் ஓடிய மின்விசிறியின் சத்தத்தைத் தினமும் பதிவு செய்தேன். அதற்கு நடுவே அம்மாவின் மூச்சும் கேட்கும். அவள் போன பிறகு அந்த டேப்புகளை ஒயரிடம் கொடுத்தேன். கேட்டுவிட்டுத் தா என்றுதான் கொடுத்தேன்.

அடுத்த வருடம் அது அவன் பெயரில் ஆல்பமாக வந்தது.

ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது. ஒரு பேட்டியில், “நான் எப்பவுமே தனியா வேலை செய்யறவன்” என்று சொல்லியிருந்தான். அந்தப் பக்கத்தை நான் ஏழெட்டுத் தடவை படித்தேன். என் அம்மாவின் மூச்சுக்கு முன்பின் தெரியாத ஜனம் எழுந்து நின்று கை தட்டியது. நான் சண்டைக்குப் போகவில்லை. போனில்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனே சொல்வான் என்று காத்திருந்தேன். ஒன்பது வருடம்.

அதற்குள் ஒரு படிப்பு படித்து, காது மருத்துவமனை ஒன்றில் சோதனையாளனாகச் சேர்ந்துவிட்டேன். ஊர்க் காதையெல்லாம் கெடுத்தவன் ஊர்க் காதையெல்லாம் சோதிக்கிறான். சொல்லிச் சிரிக்கத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

சோதனை எளிது. நாலடிக்கு நாலடி அளவில், சத்தம் புகாத ஒரு சின்ன அறை. வந்தவர் உள்ளே உட்கார்ந்து ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்வார். கையில் ஒரு பட்டன். வெளியே கருவி முன்னால் நான். நடுவில் ஒரு கண்ணாடி. நான் ஒரு ‘பீப்’ அனுப்புவேன். அவருக்குக் கேட்டால் பட்டனை அமுக்குவார். என் மேஜையில் பச்சை விளக்கு எரியும். பேசிக்கொள்ள ஒரு மைக்கும் ஸ்பீக்கரும் உண்டு.

அன்று செவ்வாய்க்கிழமை. டாக்டர் ஐந்தரைக்கே கிளம்பிவிட்டார். ஆறு மணிக்கு வரவேற்பில் இருக்கும் பெண்மணி, “கதவைப் பூட்டிட்டு சாவியை மறக்காம எடுத்துட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

6.14. நிமிர்ந்து பார்த்தேன்.

எதிரே ஒயர் நின்றான்.

முன்கதவைத் திறந்தால் ‘டிங்’ என்று மணி அடிக்கும். அடிக்கவில்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. ஒன்பது வருடக் கோபம்தான் முன்னால் வந்து நின்றது. இளைத்திருந்தான். காலில் செருப்பு இல்லை. மணிக்கட்டில் வெள்ளை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டை. பெரிய இசை விழாக்களில் நுழைவுக்குக் கட்டிவிடுவார்களே, அதுதான் என்று நினைத்தேன்.

“என்ன வேணும்?”

“ஒண்ணுமே கேக்க மாட்டேங்குதுடா.”

குரல் அவனுடையதுதான். ஆனால் உதடு அசைந்து முடிந்த பிறகு வந்தது.

“டாக்டர் இல்ல. நாளைக்கு வா.”

“நீ வை. ஏதாவது கேக்க வை.”

சொல்லிவிட்டு அவனே அறைக்குள் போய் உட்கார்ந்தான். போகட்டும், காது போன கதையைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்றுதான் கருவியைப் போட்டேன். பொய் சொல்ல மாட்டேன். அவனுக்குக் காது கேட்கக் கூடாது என்று ஆசைப்பட்டேன்.

6.19. முதல் பீப்.

பச்சை விளக்கு.

சத்தத்தைக் குறைத்தேன். பச்சை. இன்னும் குறைத்தேன். பச்சை. கருவியில் அதற்குக் கீழே அளவே இல்லை. குழந்தைகளுக்குக்கூட அவ்வளவு கேட்காது.

பச்சை.

கண்ணாடி வழியே பார்த்தேன். கண்களை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

மைக்கைத் திறந்தேன். “உனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. எந்திரி.”

ஸ்பீக்கரில் வேறு ஏதோ கேட்டது...

‘டிக்... டிக்... டிக்...’ நான் அனுப்பியது அல்ல. அதன் பின்னால் மெல்லிய காற்று. ‘ஸ்ஸ்ஸ்...’ யாரோ ஒரு பெண் விசும்புவது போலவும் இருந்தது. இத்தனை வருடம் சத்தத்தோடு வாழ்ந்த காது இது. ஒரு சத்தம் எவ்வளவு பெரிய அறையிலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

அது நாலடி அறை இல்லை.

நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

“நிறுத்தாதடா” என்றான். “நீ அனுப்பறது மட்டும்தான் கேக்குது. அனுப்பிட்டே இரு. அதைப் பிடிச்சுட்டு வந்துடறேன்.”

“எங்க வர்ற?”

“அனுப்புடா!”

அதே அதிகாரம். ஒயரைக் கொண்டா, டேப்பைக் கொண்டா என்று ஏவிய அதே குரல். பயம் போய்விட்டது. கோபம் மட்டும் மிச்சம்.

“எங்கம்மா மூச்சு அது. என்னோட டேப்புன்னு ஒரு வார்த்தை சொன்னியா?”

விளக்கு எரியவில்லை.

“சொல்லு. ஒரே ஒரு தடவை.”

“அப்புறம் சொல்றேன். இப்ப அனுப்பு.”

அப்புறமாம்.

கருவியில் இரைச்சல் அனுப்ப ஒரு குமிழ் உண்டு. ஒரு காதைச் சோதிக்கும்போது மற்ற காதை மறைக்க, மெதுவாக வைப்போம்.

இரண்டு காதுக்கும் போட்டேன்.

கடைசி வரை திருப்பினேன்.

பச்சை விளக்கு எரிந்தது. அணையவில்லை. எரிந்துகொண்டே... எரிந்துகொண்டே...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் வாய் திறந்திருந்தது.

சத்தம் வரவில்லை.

நான் கையை எடுக்கவில்லை.

விளக்கு அணைந்தது.

6.32.

கதவைத் திறந்தேன்.

யாரும் இல்லை.

நாற்காலிமேல் ஹெட்ஃபோன். அதிலிருந்து இரைச்சல் ‘ஷ்ஷ்ஷ்...’ என்று கொட்டிக்கொண்டிருந்தது. பட்டன் தரையில் கிடந்து ஆடியது.

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியாது.

மறுநாள் காலை 10.20க்கு ஒரு போன். ஒயரின் மனைவி. கல்யாணத்தில் பார்த்ததோடு சரி, அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

“அண்ணா... அவர் போயிட்டாரு. உங்க நம்பர் அவர் டைரியில இருந்துச்சு.”

“எப்பம்மா?”

“நேத்து சாயங்காலம். ஆறு முப்பத்திரண்டுக்கு.”

பன்னிரண்டு நாளாக நினைவில்லாமல் மருத்துவமனையில் கிடந்திருக்கிறான். தலையில் ரத்தக் கசிவு. யார் கூப்பிட்டும் அசையவில்லை. கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. நேற்று திடீரென்று இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு கத்தினானாம். அவ்வளவுதான்.

அவள் அழுதுகொண்டே சொன்னாள்.

“மனசே ஆறலண்ணா. அதுக்கு முன்னாடி நல்லா தேறி வந்தாரு. ஆறே காலுக்கு மேல கட்டைவிரல் அசைய ஆரம்பிச்சுது. விட்டு விட்டு... எதையோ அமுக்கற மாதிரி. முகத்துல சிரிப்புகூட வந்துச்சு. டாக்டர் ஓடி வந்து பாத்தாரு. உங்க வீட்டுக்காரருக்கு எங்கிருந்தோ ஏதோ கேக்குதும்மா, அதைப் பிடிச்சுட்டுத் திரும்பி வர்றாரு, இன்னும் அஞ்சே நிமிஷத்துல கண்ணைத் திறந்துடுவாருன்னு சொன்னாரு.”