பத்தாண்டு செல்லுபடியாகும் மொட்டை

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்று ஐம்பதுக்கு ஆக்லாந்தில் இறங்கினேன். குடிவரவு மேசையில் இருந்த அதிகாரி என் பாஸ்போர்ட்டைத் திறந்து படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். படத்தில் இருந்தவருக்கு வகிடெடுத்துச் சீவிய அடர்ந்த முடி, மேலுதட்டை மூடும் மீசை. மேசைக்கு முன்னால் நின்றவனுக்கு இரண்டும் இல்லை. பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு ஓர் ஓரத்து நாற்காலியில் உட்காரவைத்து, பிறந்த ஊர், அப்பா பெயர், பார்க்கப்போகும் வேலை என்று நாற்பது நிமிடம் விசாரித்துவிட்டு அனுப்பினார்கள்.

காரணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் திருச்சி உறையூர்க்காரன். மருத்துவப் பரிசோதனைக்கூடத்தில் டெக்னீசியன். விசாவுக்குப் பதினோரு மாதம் காத்திருந்தேன். எட்டாவது மாதம் பொறுமை போய், விசா வந்தால் மொட்டை போடுகிறேன் என்று சமயபுரத்தில் வேண்டிக்கொண்டேன். வந்துவிட்டது. விமானத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மொட்டை போடக் கிளம்பினேன். என் மனைவி வாசுகி தடுத்துப் பார்த்தாள். பாஸ்போர்ட்டில் வேறு முகம் இருக்கிறது, அடுத்த முறை ஊருக்கு வரும்போது போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். அம்மனிடம் தவணை கேட்க முடியாது என்று நான் பெரிதாகப் பேசினேன். கோயிலில் மழித்தவர் மீசையும் சேர்த்தா என்று கேட்டபோது தலையாட்டியதும் நான்தான்.

ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில் பகுதியில், யூட் அண்ணன் வீட்டில் ஓர் அறை எடுத்திருந்தேன். அவர் மன்னார்க்காரர், எலக்ட்ரீஷியன், வேனில் ஏணி கட்டிக்கொண்டு ஊரெல்லாம் போகிறவர். வாரத்துக்கு 230 டாலர். ஓர் ஆள் படுக்கலாம், இரண்டாவது ஆள் நிற்கலாம், அவ்வளவுதான் அறை. வாசுகியும் மகள் தாரிணியும் ஒன்பது வாரம் கழித்து வருவதாக டிக்கெட் போட்டாகிவிட்டது. அந்த டிக்கெட்டில் தேதி மாற்ற முடியாது. அதற்குள் நான் ஒரு வீடு பிடிக்க வேண்டும். இந்தப் பயணம் முழுவதும் என் கழுத்தில் கத்தியாக இருந்தது அந்தத் தேதிதான்.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை, தகனினி என்ற புறநகரில் வாடகை வீடு பார்க்கப் போனேன். வரிசையாகப் புது வீடுகள், வேலிக்கு இன்னும் வண்ணம்கூட அடிக்கவில்லை. மூன்று அறை, வாரம் 680 டாலர், ரயில் நிலையத்துக்குப் பதினைந்து நிமிட நடை. வீட்டைக் காட்டிய ஏஜென்ட் ஓர் இளம் பெண். விண்ணப்பம் எல்லாம் கைபேசியில்தான் என்றார். பாஸ்போர்ட்டைப் படம் பிடிக்க வேண்டும், பிறகு நம் முகத்தைக் காட்டி இடது பக்கம், வலது பக்கம் திரும்ப வேண்டும். திரும்பினேன். முகம் பொருந்தவில்லை என்றது செயலி. வெளிச்சம் போதவில்லையோ என்று முற்றத்தில் போய் நின்று திரும்பினேன். பொருந்தவில்லை. மூன்றாவது தடவையும் தோற்றதும் விண்ணப்பத்தையே மூடிக்கொண்டது.

இதோ நான் நிற்கிறேன், இதோ பாஸ்போர்ட், நீங்களே பாருங்கள் என்று ஏஜென்டிடம் சொன்னேன். அவர் பார்த்தார். நீங்கள்தான் என்று நான் நம்புகிறேன், ஆனால் கணினி நம்ப வேண்டுமே என்று மிகவும் தன்மையாகச் சொன்னார். அந்தத் தன்மைதான் எனக்கு எரிச்சலை மூட்டியது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். உள்ளூர் அட்டை ஏதாவது கொண்டுவந்தால் மறுபடி திறந்துவிடுகிறேன், அதே வரிசையில் இன்னும் மூன்று வீடுகள் முடியப்போகின்றன, அவசரமில்லை என்றார். அவருக்கு அவசரமில்லை.

இந்த நாட்டில் ஆதார் போல எல்லாருக்குமான அட்டை கிடையாது. ஓட்டுநர் உரிமம்தான் அடையாள அட்டை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. நாற்பத்து நான்கு வயது வரை டி.வி.எஸ். ஐம்பதிலேயே காலம் தள்ளியவன். ஓட்டத் தெரியாதவர்களுக்கென்று படம் போட்ட அட்டை ஒன்று இருக்கிறது. மது வாங்கப் போகும் இளைஞர்கள் வயதைக் காட்ட வைத்திருப்பது. விண்ணப்பக் கட்டணம் அறுபது டாலர். பாஸ்போர்ட் வேண்டும், இப்போதைய படம் வேண்டும், அந்தப் படத்தின் பின்னால் ஒருவர் 'இது இவர்தான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒருவர் இந்த நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும், சொந்தக்காரராக இருக்கக் கூடாது, என்னை ஒரு வருடமாவது தெரிந்திருக்க வேண்டும். நான் வந்தே இருபத்தாறு நாள்தான் ஆகியிருந்தது.

நான்காவது வார வெள்ளி மாலை, இங்கே குடியுரிமை வாங்கிவிட்ட யூட் அண்ணனிடம் கேட்டேன். அவர் கழுவிக்கொண்டிருந்த கோப்பையை வைத்துவிட்டு, கை துடைத்துக்கொண்டு, விண்ணப்பத்தை முழுவதும் வாசித்தார்.

"தம்பி, உம்மை எனக்கு மூண்டரைக் கிழமையாத்தான் தெரியும். ஒரு வருசம் எண்டு நான் எப்பிடி எழுதுறது?"

"ஒரு கையெழுத்துதானேண்ணே. யாரு வந்து கேக்கப் போறா?"

"ஒருத்தரும் கேளாயினம். ஆனா நான் எழுதினது பொய் எண்டு எனக்குத் தெரியுமெல்லோ."

கோபம் தலைக்கேறியது. பக்கத்து அறையில் தூங்குகிறவனை, தினமும் தன் வீட்டுச் சோற்றைத் தின்கிறவனை, 'இவன்தான்' என்று சொல்ல ஒரு மனிதருக்கு என்ன கஷ்டம்? இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் வழக்கம்போலத் தேநீர் போட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போனார். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

நான்காவது வாரம், ஞாயிறு. நகரத்தின் இன்னொரு மூலையான பிளாட் புஷ்ஷில் செந்தில் இருக்கிறான். திருச்சியில் என்னோடு கல்லூரியில் படித்தவன், இப்போது இந்த நாட்டுக் குடிமகன், மென்பொருள் வேலை. பார்த்து ஒன்பது வருடமானாலும் போனில் பேச்சு உண்டு. முளைக்கும் முடி குத்துகிறதென்று தலையையும் மேலுதட்டையும் அதுவரை வாரம் ஒருமுறை மழித்துவந்தேன்; அந்தக் கோலத்திலேயே மருந்துக்கடையில் 25 டாலர் கொடுத்துச் சிரிக்காமல் படம் எடுத்துக்கொண்டேன். சிரிக்கக் கூடாது என்று கடைப் பெண் சொல்லியே இருக்க வேண்டாம். காலை ஒன்பது பத்துக்குக் கிளம்பி மூன்று பஸ் மாறி, நடுவில் ஒன்றைத் தவறவிட்டு, பதினொன்று நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தேன். காரில் இருபது கிலோமீட்டர்தானாம்.

மணியை அடித்தேன். செந்தில் கதவைப் பாதி திறந்தான். என் மொட்டைத் தலையையும் கையிலிருந்த காகித உறையையும் பார்த்தான். ஏதோ மடத்துக்கு நன்கொடை கேட்டு வந்தவன் என்று நினைத்துவிட்டான். ஆங்கிலத்தில், இன்றைக்கு வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிக் கதவை மூடப் போனான்.

"டேய், நான்தான்டா."

குரலைக் கேட்டபிறகுதான் திறந்தான். சாப்பிடும்போதும் சிரித்தான், படத்துக்குப் பின்னால் கையெழுத்துப் போடும்போதும் சிரித்தான். இருபத்தைந்து வருடப் பழக்கம், இவனுக்கே என்னைத் தெரியவில்லையென்றால் அந்தக் கணினியை என்ன சொல்வது? ஒரே அறையில் தூங்கி, ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாங்கள். திரும்பும் வழியெல்லாம் அவன்மேல் வருத்தம்தான்.

அன்றிரவு வாசுகியிடம் போனில் எல்லாவற்றையும் கொட்டினேன். இதெல்லாம் தேறாது, நீங்கள் வந்து இறங்கி யூட் அண்ணன் வேனில்தான் தூங்க வேண்டும் என்றேன். மொட்டை வேண்டாம் என்று அன்றே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. "சமயபுரத்தம்மா பாத்துக்குவா, நீங்க தூங்குங்க" என்று வைத்துவிட்டாள்.

ஏழாவது வாரம், செவ்வாய். அட்டை தபாலில் வந்தது. பளபளப்பான அட்டை, அதில் கைதியைப் போல முறைக்கும் ஒரு மொட்டை, கீழே செல்லுபடியாகும் காலம் பத்து ஆண்டு. ஐம்பத்து நான்கு வயது வரை இந்த நாட்டில் நான் யார் என்று கேட்டால் இந்த மொட்டையைத்தான் காட்ட வேண்டும். போகட்டும் என்று ஏஜென்டுக்குச் சொல்லி, விண்ணப்பத்தைத் திறக்கச் செய்து, கைபேசி முன் உட்கார்ந்து இடது, வலது திரும்பினேன்.

முகம் பொருந்தவில்லை.

கண்ணாடியில் பார்த்தேன். படம் எடுத்தபின் மழிக்காமல் விட்ட இரண்டு வாரத்தில் தலையில் கால் அங்குலத்துக்கு மேல் வளர்ந்திருந்தது, மீசையும் பழைய இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. எங்கள் பரம்பரையில் முடி வேகமாக வளரும். அதில் பெருமை வேறு பட்டிருக்கிறோம். இன்னும் இரண்டு வாய்ப்புதான் இருந்தது. நேரே கடைத்தெருவுக்கு நடந்து முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் எடுத்துவிடவா என்று கேட்டார். எடுங்கள் என்றேன். முப்பது டாலர். முதல் மொட்டை அம்மனுக்கு, இரண்டாவது மொட்டை வீட்டு ஏஜென்டுக்கு. அரை மணி நேரம் கழித்து, அந்தக் கடை வாசலிலேயே நின்று இடது, வலது திரும்பினேன். பச்சை நிறத்தில் ஒரு டிக் விழுந்தது.

வெள்ளிக்கிழமை வீடு எனக்கு என்று மின்னஞ்சல் வந்தது. சாவி வாங்கும்போதும் அட்டையைக் கேட்பார்கள் என்று பயந்து, அதுவரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சவரக்கத்தியோடு தலையில் உழைத்தேன். கேட்டார்கள். காட்டினேன். ஏஜென்ட் படத்தையும் என்னையும் பார்த்து, நல்ல படம் என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை வாசுகியிடம் செய்தியைச் சொன்னபோது அழுதாள். அதற்குப் பிறகு வீடியோவில் முகம் காட்டவே இல்லை. சிக்னல் சரியில்லை என்றாள், கேமராவில் ஏதோ கோளாறு என்றாள். புது போன் வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது, கடைக்காரனைச் சும்மா விடாதே என்று நான் கத்திக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவது வாரக் கடைசி, சனிக்கிழமை. யூட் அண்ணன் ஏணியைக் கழற்றிவைத்துவிட்டு வேனில் என்னை விமான நிலையத்துக்குக் கூட்டிவந்தார். விமானம் பதினொன்று ஐம்பதுக்கே இறங்கிவிட்டது. நான் வந்தபோது நாற்பது நிமிடம் உட்காரவைத்தார்களே, இவர்களை என்ன பாடு படுத்துகிறார்களோ என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன். நான் தேடியது இடுப்பு வரை தொங்கும் ஒரு பின்னலை. கல்யாணமாகிப் பதினைந்து வருடமாகக் கூட்டத்தில் வாசுகியை அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன்.

பன்னிரண்டு முப்பதுக்குத் தள்ளுவண்டியோடு ஒரு பெண் வந்தாள். மொட்டைத் தலை, நீல ஸ்வெட்டர். சிகிச்சையில் இருப்பவர் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்து, அவர் போக வழிவிட்டு ஒதுங்கி, அவர் தோளுக்கு மேலே கழுத்தை நீட்டிப் பின்னலைத் தேடினேன். அந்தப் பெண் போகவில்லை. எனக்கு முன்னாலேயே நின்றாள். பெட்டி அடுக்கிய இன்னொரு தள்ளுவண்டிக்குப் பின்னாலிருந்து தாரிணி தலையை நீட்டினாள்.

"அப்பா, யாரைத் தேடுறீங்க?"

வாசுகி என் மொட்டையைப் பார்த்தாள், நான் அவளுடையதைப் பார்த்தேன்.

"உங்களுக்கு வீடு கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டேன்" என்றாள். "கிடைச்சிருச்சுல்ல."

"பாஸ்போர்ட்ல உன் முகம்... உள்ள என்ன சொன்னாங்க? எவ்வளவு நேரம் உக்கார வச்சாங்க?"

"உக்காரவே வைக்கல. அந்த ஆபீசர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோயிலான்னு கேட்டார். ஆமான்னேன். முத்திரை குத்திட்டார்." தள்ளுவண்டியை என் பக்கம் திருப்பினாள். "முன்னப்பின்ன தெரியாத மனுஷன், ஒரு நிமிஷத்துல நான்தான்னு கண்டுபிடிச்சுட்டார். உங்களுக்குத் தெரியலையேங்க."

கணினியைத் திட்டினேன், யூட் அண்ணனோடு பேசாமல் இருந்தேன், செந்திலை நினைத்து மூன்று பஸ் நெடுக வருத்தப்பட்டேன். இப்போது திட்ட என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. வெட்கமாக இருந்தது. தள்ளுவண்டியை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

தகனினிக்குப் போகும் வழியில் முன் சீட்டில் உட்கார்ந்தபடி, வாசுகிக்கும் கார் ஓட்டத் தெரியாது, அவளுக்கும் அந்த அட்டைதான் எடுக்க வேண்டும் என்று முணுமுணுத்தேன். படம், அறுபது டாலர், ஒரு வருடம் தெரிந்த ஆள். செந்தில் எங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. இவளைப் பார்த்ததே இல்லை. யூட் அண்ணன் பின்கண்ணாடியில் வாசுகியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இண்டைக்குப் பதினாலாம் திகதி" என்றார். "வாற வருசம் இதே திகதிக்கு வாங்கோ, தங்கச்சி. நான் கையெழுத்துப் போட்டுத் தாறன்."