எருமைக்குப் போட்ட தளர்வு ஊசி

கம்மாபுரம் பக்கத்தில் எங்கள் நிலம் சுரங்கத்துக்குப் போன பிறகு, நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பிளாக்கின் ஓரமாகக் கொட்டகை போட்டுக் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை. கன்று ஈன்ற எருமை ஒன்று இருந்தது. குவார்ட்டர்ஸ் கட்டுகிற இடத்தில் மேயப்போய், துருப்பிடித்த கம்பியைப் பின்னங்காலில் ஏற்றிக்கொண்டது. மஞ்சள் வைத்துக் கட்டினேன். ஆறிவிட்டது என்றுதான் நினைத்தோம்.

ஒருநாள் காலையில் தீவனம் வைத்தால் வாயைத் திறக்க முடியவில்லை. கால் நான்கும் கட்டையாக விறைத்திருந்தன. மைன்ஸில் ஷிப்டு சங்கு ஊதியதும் உடம்பு வெட்டி இழுத்து, அப்படியே சாய்ந்து விழுந்தது.

வீட்டுக்காரர் சைக்கிளில் போய் மாட்டு டாக்டரை அழைத்துவந்தார்.

"ரண ஜன்னிம்மா, டெட்டனஸ். புண்ணுல இருந்து நஞ்சு நரம்பு வழியா தண்டுவடத்துக்கு ஏறிடுச்சு. துடிப்பை அடக்கி வைக்கிற நரம்பு வேலை செய்யல. அதான் சின்னச் சத்தத்துக்கும் இறுகுது" என்றார். கழுத்து ரத்தக்குழாயில் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் கால்கள் துவண்டன, காது தொங்கியது. எனக்குப் போன உயிர் வந்தது.

"தூங்குதுங்களா?"

"இல்லம்மா. தசைதான் தளர்ந்திருக்கு. மூளை முழிச்சிக்கினு இருக்கு. வலி தெரியும், நாம பேசறதும் கேக்கும். மருந்து வேகம் கொறைஞ்சா மறுபடி இழுக்கும்."

கன்று கத்தியது. எருமையின் கண் மட்டும் அந்தப் பக்கம் திரும்பியது.

அதன் காதில் பஞ்சை அடைத்து, டாக்டரை இருக்கச் சொல்லிவிட்டு, அடுத்த சங்குக்கு முன்னால் மைன்ஸ் கேட்டுக்கு ஓடினேன்.

"இந்த ஒரு தடவை மட்டும் சங்கு ஊதாம இருக்கச் சொல்லுங்கண்ணே" என்று வாட்ச்மேனிடம் கெஞ்சினேன்.

"எருமைக்காக ஷிப்டு நிக்குமாம்மா?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அத்தனை மெதுவாகச் சொன்னார். பாதி வழி திரும்புவதற்குள் சங்கு ஊதிவிட்டது.

கொட்டகையில் எருமை மறுபடி வில்லாக வளைந்து கிடந்தது.

"இன்னொரு ஊசி போடுங்க சார்" என்றார் வீட்டுக்காரர்.

"மூச்சு விடவைக்கிறதும் தசைதாம்பா. அதிகமாப் போட்டா அதுவும் நின்னுடும்."

"போடலன்னா?"

டாக்டர் பாதி மருந்தை ஏற்றினார். இழுப்பு நின்றது. மூச்சும் குறைந்துகொண்டே வந்தது. இரண்டு கையாலும் விலாவை அமுக்கி அமுக்கிப் பார்த்தார், சட்டையெல்லாம் வேர்வை.

"போயிடுச்சும்மா."

நான் நம்பவில்லை. கண் திறந்துதானே இருக்கிறது, கேட்கும் என்று அதன் முகத்தருகே உட்கார்ந்து பேசிக்கொண்டேயிருந்தேன். எருமையின் மடியில் முட்டிக்கொண்டிருந்த கன்றை வீட்டுக்காரர்தான் இழுத்துப் பிரித்தார்.