தலை ஆடிக்குக் கலந்த புகை விஸ்கி

என் தொழில் மேடை அலங்காரம். அருப்புக்கோட்டையில் ஆரம்பித்து நரிக்குடி வரைக்கும் பல மண்டபங்களில் பூ வளைவும் சீரியல் லைட்டும் நான் போட்டவைதான். பொண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு நடந்து வரும்போது காலடியில் வெள்ளைப் புகை பரவுமே, அதுவும் என் வேலைதான். வெந்நீர் அண்டாவுக்குள் நாலு கட்டி டிரை ஐஸைப் போட்டால் குபுகுபுவென்று கிளம்பும். வெறுங்கையால் தொட்டால் அந்தக் குளிரிலேயே தோல் பொத்துப்போகும், உறை மாட்டித்தான் எடுக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தண்ணிபட்ட பாடு. அந்தக் கொழுப்புத்தான் என்னைக் கெடுத்தது.

என் தங்கச்சியைப் பரளச்சியில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை மிளகாயும் பருத்தியும் போடுகிற சம்சாரி, அதிகம் பேசாத மனிதர். கல்யாணத்தன்று ஒரு கட்டிக்கு இரண்டு கட்டியாகப் போட்டு மேடையையே மறைத்துவிட்டேன். தங்கச்சி கல்யாணமாயிற்றே! அப்போது மாப்பிள்ளையின் சித்தப்பா முன்வரிசையில் இருந்து சத்தம் போட்டார்.

"என்னப்பா, கொசு மருந்து அடிக்கிறீகளா?"

மண்டபமே சிரித்தது. மாலையும் கழுத்துமாக நின்ற மாப்பிள்ளையும் லேசாகச் சிரித்தார். அவர் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வாயில் புடவை நுனியை வைத்துக்கொண்டு தங்கச்சியும் சிரித்திருக்கிறாள், அதை மட்டும் வசதியாக மறந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஆடி பிறந்தது. தலை ஆடிக்குப் பொண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்து விருந்து வைத்து, மாப்பிள்ளையை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டு, பொண்ணை மாதம் முழுக்கப் பிறந்த வீட்டில் வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். கறிவிருந்துக்கு முன்னால் மச்சினன்மார் மாப்பிள்ளையை மாடிக்குக் கூட்டிப்போய் ஊற்றிக் கொடுப்பதும் வழக்கம்தான். பெரியவர்களுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்வார்கள்.

அப்போது போனில் ஒரு வீடியோ பார்த்தேன். தாடிக்காரன் ஒருவன் விஸ்கியில் சுட்ட பழத்தின் சாற்றைக் கலந்து, டிரை ஐஸைப் போட்டு, புகை வழிய வழிய உறிஞ்சிக் குடித்தான். அட! நம்ம சரக்கு! கொசு மருந்து என்று சிரித்த வீட்டு மாப்பிள்ளையை வாய் பிளக்க வைக்க இதை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

ஆடியில் ஏது கல்யாணம்? கையிருப்பில் டிரை ஐஸ் இல்லை. அதற்காகவே மதுரைக்குப் போய்த் தெர்மோகோல் பெட்டியில் வாங்கி வந்தேன். விருந்தன்று காலையில் மொட்டைமாடியில் கருவேலங்கரியைப் பற்றவைத்து அன்னாசித் துண்டுகளைச் சுட்டேன். ஓரம் கருகி, சாறு சொட்டி, கரியில் சுர்ரென்று விழுந்தது. சுட்ட பழத்தைப் பிழிந்து வடிகட்டி, கருப்பட்டிப் பாகு கொஞ்சம், எலுமிச்சை அரை மூடி, அதன்மேல் விஸ்கி. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். புகை வாசமும் பழத் தித்திப்பும் சேர்ந்து, சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமாக இருந்தது.

பகல் பன்னிரண்டு மணிக்கு மாப்பிள்ளை மாடி ஏறி வந்தார். புது வேட்டி, கையில் மடித்த துண்டு. கீழே அப்பா பந்திக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, அவருடையதில் கட்டைவிரல் நக அளவில் இரண்டு துண்டுகளை இடுக்கியால் போட்டேன். புகை டம்ளர் விளிம்பு தாண்டி அவர் கைமேல் வழிந்தது.

"ஆத்தாடி! என்ன மச்சான் இது, கொதிக்குதா?"

"கொதிக்கல மாப்ள, ஜில்லுன்னு இருக்கும். புகை அடங்குறதுக்குள்ள அடிங்க."

சொன்னது நான்தான். புகை அடங்கின பிறகுதான் வாய் வைக்க வேண்டும் என்று அந்தத் தாடிக்காரன் இரண்டு தரம் சொல்லியிருந்தான். புகை அடங்கிவிட்டால் அப்புறம் என்ன பவுசு இருக்கிறது?

கட்டி அடியில் கிடக்கும், இவர் மேலாக உறிஞ்சுவார் என்பது என் கணக்கு. உறிஞ்சுகிறவர் யார் இங்கே? காட்டில் ஒரே செம்பு பத்துப் பேர் கைக்குப் போகும். வாய் வைத்துக் குடித்தால் அடுத்த ஆள் தொடமாட்டான். தண்ணீரோ மோரோ சாராயமோ, அண்ணாந்து தொண்டைக்குள் ஊற்றித்தான் பழக்கம். எனக்கும் அதே பழக்கம்தான். அந்த நேரத்தில் அது என் மண்டையில் ஏறவில்லை.

மாப்பிள்ளை தலையை அண்ணாந்தார். டம்ளரை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கிக் கவிழ்த்தார்.

நான் கத்துவதற்குள் டம்ளர் காலியாகிவிட்டது. அவர் வாயை மூடினார். மூக்கில் இருந்து புகை வந்தது. கண் இரண்டும் பிதுங்கின.

"துப்புங்க மாப்ள! துப்புங்க!"

துப்பவில்லை. கையை ஆட்டி, ஒன்றும் இல்லை என்கிற மாதிரி தலையசைத்தார். மாப்பிள்ளைமேல் கை வைக்கலாமா? வைத்தேன். தாடையைப் பிடித்து அழுத்தி, பிடரியில் ஓங்கி ஒரு அறை விட்டேன். ஒரு துண்டு தரையில் விழுந்தது. அதில் அவர் நாக்குத் தோல் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

ஒன்று. இன்னொன்று எங்கே?

மண்டியிட்டுத் தேடினேன். கரி அடுப்பின் பக்கம், தண்ணீர்த் தொட்டியின் கீழ், அவர் வேட்டி மடிப்பு வரைக்கும் தடவினேன். வெளியே விழுந்து ஆவியாகப் போயிருக்கலாம். வெயிலில் கிடந்த முதல் துண்டே என் கண்முன்னால் சிறுத்துக்கொண்டிருந்தது. இல்லை என்றால் அது அவர் வயிற்றுக்குள் இருக்கிறது.

"உள்ள போயிருச்சா மாப்ள? நெசத்தச் சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல மச்சான்." நாக்கு வீங்கி, சொல் குழறியது. நெற்றியெல்லாம் வேர்வை. ஒரு கை மேல்வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தது.

தங்கச்சி படியேறி வந்துவிட்டாள். நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். புருஷன் வாயோரம் ரத்தத்தைப் பார்த்ததும் முந்தானையால் துடைத்தாள்.

"என்னண்ணே குடுத்த இவுகளுக்கு?"

"ஐஸு. சின்னத் துண்டு. துப்பிட்டாரு."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

பொய். வாயில் எப்படித்தான் வந்ததோ! கீழே அப்பா, வாசலில் சித்தப்பாமார், அடுப்பில் கறி. இன்றைக்கு இந்த வீட்டில் ஒன்றும் ஆகவில்லை என்று இருந்துவிட வேண்டும் என்று மனசு பேயாகத் துடித்தது.

என் லோடு வண்டியின் முன்சீட்டில் இருவரையும் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன். வழியெல்லாம் அவர் ஏப்பம் விட்டுக்கொண்டே வந்தார். சாதாரண ஏப்பம் இல்லை, அடிவயிற்றில் இருந்து காற்று முட்டிக்கொண்டு வருகிற ஏப்பம். டிரை ஐஸ் கரையாது, காற்றாகப் பொங்கும். அண்டாவில் நான் தினம் பார்க்கிற பொங்குதல் இந்த மனுஷன் வயிற்றுக்குள் நடக்கிறது.

டாக்டர் நாக்கைப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"முழுங்கினீங்களா?"

"இல்ல சார்," என்றார் மாப்பிள்ளை.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உள்ள போயிருந்தா வயிறு புண்ணாகும், ஓட்டைகூட விழலாம். போகலைன்னா நாக்குக்கு மருந்து போட்டு வீட்டுக்குப் போகலாம்."

"போகல சார்."

சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. அவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். டாக்டர் மருந்துச் சீட்டில் பேனாவை வைத்தார். தங்கச்சி பெருமூச்சு விட்டு, கழுத்தில் கிடந்த புதுத் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் கையைப் பார்த்தேன். அதற்குமேல் தாங்கவில்லை.

"ரெண்டு போட்டேன் சார். ஒண்ணுதான் வெளிய வந்துச்சு."

தங்கச்சி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"இப்பச் சொல்லுங்க," என்று டாக்டர் மாப்பிள்ளையிடம் குனிந்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார். உள்ளேதான் போயிருந்தது.

ஆம்புலன்ஸில் மதுரைக்கு. குழாயை விட்டு உள்ளே பார்த்தார்கள். நான் வராந்தாவில் உட்காராமல் நடந்துகொண்டே இருந்தேன். தெரியாத சாமியெல்லாம் கும்பிட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்த டாக்டர், வயிற்றில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் புண், ஓட்டை இல்லை என்றார். சுவரில் சாய்ந்து அழுதேன். வெட்கம் ஒன்றும் படவில்லை.

இரண்டாம் நாள் அவருக்குப் பேச்சு ஓரளவு தெளிந்தது. கட்டிலருகே நின்று கேட்டேன்.

"ஏன் மாப்ள துப்பல? நான் அந்தக் கத்து கத்துனேனே!"

"காலையில இருந்து கரியில வெந்து செஞ்சீகளாம், உங்க தங்கச்சி சொன்னா. மாமியா வீட்டுல குடுத்ததத் துப்புனா நல்லாவா இருக்கும் மச்சான்?"

நான் அவர் மூக்கை உடைக்கக் கலந்தது அது. இந்த நிமிஷம் வரைக்கும் அதை அவரிடம் சொல்லவில்லை.

அன்று மதியம் தண்ணீர் கொடுக்கலாம் என்று நர்ஸ் சொன்னார். ஓடிப்போய் மூலையில் இருந்த கேனைச் சாய்த்து ஒரு டம்ளர் பிடித்து வந்து அவர் முன் நீட்டினேன். அவரும் கை நீட்டினார். தங்கச்சி நடுவில் வந்து டம்ளரை என் கையில் இருந்து வாங்கினாள். வாஷ்பேசினில் அதைக் கொட்டி, டம்ளரைக் கழுவி, அதே கேனில் இருந்து வேறு தண்ணீர் பிடித்து வந்து புருஷனுக்குக் கொடுத்தாள்.