வாத்தியார் மிதிக்காத பிரேக்

சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கு அபராதச் சீட்டு வந்தபோது வாத்தியார் முதலில் சிரித்தார். இருபத்திரண்டு வருடமாக ஊராருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் அவர். பள்ளி என்று பெயர்தானே தவிர, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு வெள்ளைக் கார், அவ்வளவுதான் சொத்து. சீட்டில் அந்தக் காரின் எண்தான் இருந்தது. சிரித்து முடித்துவிட்டுப் பின்பக்கத்தைப் படித்தார். குற்றம் உறுதியானால் பயிற்சி கொடுக்கும் அனுமதி நிறுத்தப்படும். மறுபடியும் அதிகாரி முன்னால் ஓட்டிக் காட்டித் தேறினால்தான் திரும்பக் கிடைக்கும். வாத்தியாருக்கு வேறு தொழில் தெரியாது. வீட்டில் பல்பு மாற்றக்கூட மனைவியைத்தான் கூப்பிடுவார்.

"கட்டிட்டு டெஸ்ட்டுக்குப் போயிட்டு வாங்களேன். உங்களுக்குத் தெரியாத டெஸ்ட்டா?" என்றாள் மனைவி.

"நானா? என்கிட்ட கத்துக்கிட்டவங்க நிக்கிற வரிசையில நானா? வழக்காடப் போறேன்."

கல்யாணமான புதிதில் அவரிடம் மூன்று நாள் கார் கற்றவள் அவள். நான்காம் நாள் அவர் கத்திய கத்தலில் நடுரோட்டில் இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்தாள். பிறகு வேறு ஒரு அம்மாவிடம் கற்றுக்கொண்டு, இன்று ஒரு மருந்துக் கிடங்கின் வேனை ஓட்டுகிறாள். இதுவரை ஒரு சீட்டு வாங்கியதில்லை. அதைச் சொல்லிக் காட்டவும் மாட்டாள். அதுதான் வாத்தியாருக்கு இன்னும் பொறுக்காது.

காரின் முன்கண்ணாடியில் ஒரு கேமரா உண்டு. அன்றைய பதிவை அலுவலகத்துப் பழைய கம்ப்யூட்டரில் பதினேழு தடவை போட்டுப் பார்த்தார். எதிர்வெயிலில் எந்த விளக்கு எரிகிறது என்றே தெரியவில்லை. சடாரென்று நிறம் மாறியது, நிறுத்த நேரமில்லை என்று சாதிக்கலாம். உற்சாகத்தில் தானே பதிவைக் கொண்டுபோய் நீதிமன்றத்தில் கொடுத்தார். அந்தக் கம்ப்யூட்டரில் ஸ்பீக்கர் கெட்டுப்போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

நீதிமன்றத்து ஸ்பீக்கர் நன்றாகவே வேலை செய்தது. பதிவில் கார் சிக்னலின் நிறுத்தக் கோட்டுக்கு நெடுந்தூரத்தில் இருக்கும்போதே அவருடைய குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "ரெட்டு விழுந்துடுச்சு பாரு. பிரேக்க மிதி. மெதுவா மிதி. மிதிம்மா. அட, மிதின்னா மிதிக்கணும்." கார் நிதானமாகக் கோட்டைத் தாண்டிப் போனது.

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "வண்டியில உங்ககூட யாரு இருந்தாங்க?"

"யாரும் இல்லைங்க மேடம். சர்வீஸ்ல விட்டத எடுத்துட்டு வந்தேன்."

"அப்ப யார மிதிக்கச் சொன்னீங்க?"

வாத்தியார் யோசித்துப் பார்த்தார். உண்மையைத் தவிர வேறு எதுவும் கைவசம் இல்லை. "என்னைத்தாங்க."

"கேக்கலையா?"

"பழக்கமில்லைங்க மேடம். சொல்றதுதான் என் வேலை. மிதிக்கிறது கத்துக்கிறவங்க வேலை."

பின்வரிசையில் யாரோ இருமுவது போலச் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. குற்றம் உறுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டு வாத்தியார் வெளியே வந்தார்.

"யானைக்கும் அடி சறுக்கும்" என்றார் வீட்டில்.

"எந்த யானையும் தான் சறுக்கினத வீடியோ எடுத்துக் கோர்ட்ல குடுக்காதுங்க" என்றாள் மனைவி. பிறகு, "ஞாயித்துக்கிழமை வண்டிய எடுங்க. டெஸ்ட்டுக்கு முன்னாடி ஒருதடவ ஓட்டிப் பாத்துடலாம். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றாள்.

பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று இணைந்தவை. அந்த இருக்கையில் மனைவி உட்கார்ந்தாள். முதல் சிக்னலில் ஒழுங்காக நின்றார். இரண்டாவதில் அந்தப் பாழாய்ப்போன வாய் முந்திக்கொண்டது. "மெதுவா மிதி" என்று அது சொல்லி முடிப்பதற்குள், அவருடைய காலுக்கடியில் இருந்த பிரேக் தானாகக் கீழே இறங்கியது. கார் நின்றது.

மனைவி கத்தவில்லை. சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்திரண்டு வருடமாக எத்தனையோ கால்களுக்கு அடியில் அந்தப் பிரேக்கை அவர் பிடுங்கியிருக்கிறார். பிடுங்கிவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டவும் செய்திருக்கிறார். அது இப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. நடுத்தெருவில் யாரோ தன் வேட்டியை உருவியது போல இருந்தது.

"அன்னைக்கு ஏன் இறங்கிப் போனேன்னு ஒருநாளும் நீங்க கேட்டதே இல்ல" என்றாள் அவள்.

"இப்ப கேக்க வேண்டாம் போல இருக்கு" என்றார் வாத்தியார்.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். விளக்கு பச்சையாகியிருந்தது.

தேர்வில் முதல் தடவை தோற்றார். காரணம் கேட்டவர்களிடம் வாய் மூடாததுதான் என்று அவரே சொன்னார். இரண்டாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டித் தேறினார். அனுமதி திரும்பக் கிடைத்தது. இப்போதும் பாடத்தின் நடுவே பக்கத்து இருக்கைப் பிரேக்கை அவர் மிதிக்கத்தான் செய்கிறார், மிதிக்காமல் முடியாது. ஆனால் அதற்கு முன்னால், "நான் மிதிக்கப் போறேம்மா, பயந்துடாத" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறார்.